திரையில் சாமிக்கு விட்ட ஓரம்

போன வாரம் வினோத் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அவன். நல்ல பிள்ளைதான். ஆனால் எதைப் பார்த்தாலும் உடனே சரி செய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும்.

"மேடம், நெல்லிவாசல்நாட்டு சென்டர்ல கீற கம்ப்யூட்டர் இன்னா மேடம் இப்பிடி கீது? ஜன்னலைப் பெருசாக்குனா ஓரம் வரைக்கும் போவ மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் சும்மா காலி எடம். கீழ கீற பேனல் ரெண்டு நுனியும் வெட்டுன மாதிரி நடுவுல நிக்குது. மேல டைட்டில் பார் மட்டும் பலகை மாதிரி இம்மாம் தடிமன். எவனோ கண்டபடி மாத்தி வெச்சிக்கிறான். எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடட்டுமா?"

"அந்த எவனோ நான்தான். மௌஸ்ல இருந்து கையை எடு," என்றேன்.

அவன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டான். அதோடு விட்டிருக்கலாம். ஏன் மேடம் அப்படி வைத்தீர்கள் என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது அனுபவம் எழுதித் தாருங்கள் என்று வேறு நச்சரித்துக் கொண்டிருக்கிறார்கள். ஒரே கல்லில் இரண்டு பேர் வாயையும் அடைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் மல்லிகா. ஊர் கண்ணமங்கலம். தட்டச்சு படித்துவிட்டுப் போளூரில் மலை விளைபொருள் வாங்கும் சங்கம் ஒன்றில் சேர்ந்தேன். தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கிவிட்டுக் கணினியை வைத்தபோது அதன் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டேன். அப்புறம் கணினிகள் கெட்டுப் போக ஆரம்பித்தன. மலைமேல் போய்ச் சரி பார்க்க ஆள் வேண்டும் என்றபோது ஆண்கள் அத்தனை பேருக்கும் அன்றைக்கென்று முதுகுவலி. நான் கிளம்பிப் போனேன். அப்படித்தான் நான் கணினிப் பராமரிப்பாளர் ஆனேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. உடைத்தேன், ஒட்டினேன், அவ்வளவுதான்.

எங்கள் கணினிகளில் ஓடியது லினக்ஸ். பழைய பெட்டியிலும் முனகாமல் ஓடும், காசும் கேட்காது என்பதால் சங்கம் அதைப் பிடித்துக்கொண்டது. அதில் ஒரு வசதி உண்டு, திரையில் தெரிகிற எதையும் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தொல்லையும் அதுவேதான். மேலே ஜன்னலின் பெயர் தெரிகிற டைட்டில் பாரை நம் ஆட்கள் மேல்பட்டை என்பார்கள். கீழே நிரல்கள் வரிசையாக நிற்கிற பேனல் கீழ்ப்பட்டை. என் உத்தியோகத்தில் பாதிக் காலம் இந்த இரண்டு பட்டைகளை ஏற்றுவதிலும் இறக்குவதிலும் போனது என்று சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். அவள் வேலையில் பாதி நேரம் மீட்டிங்கில் போகிறது, அதற்கு நான் சிரித்தேனா?

என் மேலதிகாரி ஏகாம்பரம் சார். மனிதர் ஒருநாளும் குரலை உயர்த்தியது கிடையாது. அவருடைய மேசை டிராயரில் பேனா இருக்காது, தையல்காரர் டேப் ஒன்று சுருண்டு கிடக்கும். ஒருவருடைய திரையில் கை வைப்பதற்கு முன் அவர் கண்ணுக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம் என்று டேப் பிடிப்பார். பிறகு சுட்டுவிரலை மேல்பட்டைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வார். பட்டை விரலைவிட ரொம்ப மெல்லிசாக இருந்தால், "இதுல மௌஸ் அம்பு வழுக்கும்மா, வயசானவங்க பாவம்," என்பார். அவரிடம் ஒரு சட்டம் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு ஒரு டீ குடிக்க வேண்டும். டீ குடித்து முடிகிற வரைக்கும் அந்த ஆள் அதில் வேலை செய்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்ததில் கை வைக்கலாம். ஏகாம்பரம் சாருக்கு வயிற்றுப் புண் வந்ததற்கு லினக்ஸ்தான் காரணம் என்று அவர் மனைவி இன்று வரை நம்புகிறார்.

போனில் புகார் வந்தாலும் அவர் முறையே தனி. ஒருமுறை எங்கள் குடோன் பொறுப்பாளர் நடராஜன், கீழ்ப்பட்டை திருடு போய்விட்டது என்று வாட்ச்மேன் சட்டையைப் பிடித்துவிட்டார். உண்மையாகவே பிடித்துவிட்டார். ஏகாம்பரம் சார் போனை வாங்கினார்.

"உங்க நெனைப்பு எனக்கு வேணாம் நடராஜன். கண்ணுல இன்னா தெரியுதோ அத்த மட்டும் சொல்லுங்க."

"ஒண்ணுமே தெரியல சார்."

"ஒண்ணுமே தெரியலன்னா கண் ஆஸ்பத்திரிக்குப் போவணும். இன்னா தெரியுது?"

"ஒரு மான் படம் தெரியுது சார்."

"மானுக்குக் கீழ?"

"புல்லு."

"புல்லுக்குக் கீழ?"

"அங்கதான் சார் பட்டை இருந்தது. காணோம்."

"அம்பைப் புல்லுக்கும் கீழ எடுத்துட்டுப் போங்க. இன்னும் கீழ. இன்னும்."

"ஐயோ, வந்துட்ச்சி சார்."

"அது எங்கியும் போவல. தானா மறைஞ்சிக்கிற மாதிரி யாரோ அமைச்சிட்டாங்க. வாட்ச்மேனை உடுங்க."

நான் இந்த மனிதரிடம்தான் வேலை கற்றேன். மேல்பட்டை விஷயத்தை மட்டும் நானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன். எழுத்தைப் பெரிதாக்கினால் பட்டையும் பெரிதாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எங்கள் பெட்டிகளில் அது நடக்காது. எழுத்து பெருக்கும், பட்டை அசையாது, எழுத்தின் தலையும் காலும் வெட்டுப்பட்டு நிற்கும். ஜன்னல் மேலாளர் என்கிற அமைப்புக்குள் போய், உயரமான பட்டை கொண்ட தீம், அதாவது தோற்றம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் பட்டையும் வளரும், அதிலுள்ள மூடும் பொத்தானும் வளரும். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் வீட்டில் பாயசம் வைத்தேன். எதற்கு என்று என் கணவர் கேட்டார். சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பாயசம் இரண்டு டம்ளர் குடித்தார்.

இனி நெல்லிவாசல்நாட்டு விவகாரத்துக்கு வருகிறேன்.

அங்கே சங்கத்துக்கு ஒரு கொள்முதல் மையம் இருந்தது. ஓட்டுக் கட்டடம், ஒரு தராசு, ஒரு கணினி. சுற்றியுள்ள குக்கிராமங்களிலிருந்து சாமையும் புளியும் தேனும் அங்கேதான் வரும். விற்பவர் பெயரையும் எடையையும் கணினியில் ஏற்றிச் சேமித்தால்தான் மூட்டையை உள்ளே எடுக்கலாம், போளூரிலிருந்து லாரி கிளம்பும். அந்தக் கணினியைப் பார்த்துக்கொண்டவள் அஞ்சலை. அந்த மலையிலேயே பிறந்தவள். கொஞ்ச காலம் கர்நாடகத்தில் காப்பித் தோட்டக் கூலியாக இருந்துவிட்டு, இந்த வேலை கிடைத்ததும் திரும்பி வந்தவள். கண் கொஞ்சம் மங்கல். அதை வெளியில் சொல்ல மாட்டாள்.

ஆயுத பூசை முடிந்து சாமை அறுவடை சூடு பிடித்திருந்த நேரம். அஞ்சலையிடமிருந்து போன். மெசின் ஓடவில்லை என்றாள். ஏகாம்பரம் சார் வழக்கம்போல் போனை வாங்கி, "கண்ணுல இன்னா தெரியுது, சொல்லும்மா," என்றார்.

"பொட்டு தெரியுது சார்."

"இன்னா பொட்டு?"

"சந்தனப் பொட்டு சார். நடுவுல குங்குமம்."

ஏகாம்பரம் சாருக்கு அடுத்த கேள்வி இல்லாமல் போனதை என் சர்வீசில் அன்று ஒரு தடவைதான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு ஊர்க்கவுண்டர், அதாவது அந்த ஊரின் தலைவர், மையத்துக்கு வந்து தராசு, கணினி எல்லாவற்றுக்கும் தன் கையால் பொட்டு வைப்பார். கணினிக்கு நான்கு மூலையிலும் வைப்பார். பழைய திரைக்கு நான்கு விரல் அகலத்தில் பிளாஸ்டிக் சட்டம் இருந்தது, பொட்டு அதன்மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அந்தத் திரை செத்துப்போனது. பூசைக்கு முந்தின வாரம்தான் நான் புதுத் திரை கொண்டுபோய் வைத்து, "ஓரமே இல்லை பாருங்க, அவ்வளவும் கண்ணாடி," என்று பெருமை அடித்துவிட்டு வந்திருந்தேன். ஓரமில்லாத திரையில் ஊர்க்கவுண்டர் வேறு எங்கே வைப்பார்? வலது மேல்மூலைப் பொட்டுக்கு அடியில் ஜன்னலை மூடும் பொத்தான். இடது கீழ்மூலைப் பொட்டுக்கு அடியில் மெனு. எங்கள் நிரலோ, ஒருவர் ஜன்னலை மூடினால்தான் அடுத்தவர் ஜன்னலைத் திறக்கும்.

"ஈரத் துணியால தொடச்சிடச் சொல்லலாமே சார்," என்றேன்.

ஏகாம்பரம் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மல்லிகாம்மா, உங்க வூட்டுத் தையல் மெசினுக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"வெச்சேன் சார்."

"தொடச்சிட்டீங்களா?"

"அது வேற சார்."

"எப்பிடி வேற?"

நான் பார்வையைத் தாழ்த்தினேன். அவர் மேசையில் இருந்த ஸ்டேப்ளரிலேயே சந்தனம் காய்ந்து கிடந்தது.

அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் வருகிறார். நெல்லிவாசல்நாட்டில் கொள்முதல் நின்று கிடப்பது அவர் காதுக்குப் போய்விட்டது. மையத்தை மூடிவிட்டுப் போளூரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் முடிவே செய்துவிட்டாராம். நேரில் வந்து ஒரு கும்பிடு போட்டு மூடுவது மட்டும்தான் பாக்கி. மூடினால் மலைக்காரர்கள் ஒவ்வொரு மூட்டைக்கும் ஜீப் பிடித்துக் கீழே இறங்க வேண்டும். அஞ்சலை மறுபடியும் காப்பித் தோட்டத்துக்கு மூட்டை கட்ட வேண்டும்.

"போய்ட்டு வாங்கம்மா. பொட்டை மாத்தாதீங்க. மத்தது எதை வேணாலும் மாத்துங்க," என்று டிராயரைத் திறந்து டேப்பை என் கையில் கொடுத்தார். அவர் அந்த டேப்பை இரவல் கொடுத்து நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

பஸ்ஸும் ஜீப்புமாக மாறி மாறிப் போய் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மையத்து வராந்தாவில் சாமை மூட்டைகள் தார்ப்பாய்க்குள் அடைந்து கிடந்தன. அவற்றின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. ஒருவர் தார்ப்பாய்க்குள் கையை விட்டு மூட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஈரம் ஏறுகிறது என்று மட்டும் சொன்னார். இன்னும் இரண்டு நாள் போனால் பூசணம் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அஞ்சலை முகம் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறாள்.

"குத்துமதிப்பா அந்த மூலையில வெச்சி அழுத்த வேண்டியதுதானடி?" என்றேன்.

"அழுத்திப் பார்த்தேன்க்கா. அம்பு பொட்டுக்கு அடியில பூந்துக்குது. ஒருவாட்டி ஜன்னல் சுருங்கிப் பூட்ச்சி. ஒருவாட்டி வேற எதையோ அழுத்திட்டேன், எடை ஏத்துனது எல்லாம் போச்சி. அதுவும் இல்லாம சாமி பொட்டு மேல அம்பை வெச்சிக் குத்தறதுக்கு மனசு வரலக்கா."

விசைப்பலகையிலேயே ஜன்னலை மூடும் வழி ஒன்று உண்டு, ஆல்ட்டையும் எஃப் நான்கையும் சேர்த்து அழுத்துவது. சொல்லிக் கொடுத்தேன். ஜன்னல் மூடியது. சரியாக மூடியதா என்ற சந்தேகத்தில் அவள் இன்னொரு தடவையும் அழுத்தினாள். மூட ஜன்னல் இல்லாததால் கணினி, வெளியேறிவிடட்டுமா என்று கேட்டது. கேட்டதற்கு மரியாதையாக ஆமாம் என்று அழுத்தினாள். திரை இருண்டது. வராந்தாவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்த வழியை அத்தோடு தலைமுழுகினேன்.

ஊர்க்கவுண்டரை வரவழைத்துப் பேசினேன். மெலிந்த உடம்பு, நிதானமான ஆள். பொட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைக்க முடியுமா என்று பக்குவமாகக் கேட்டேன்.

"கொடுவாள்ல வெச்ச பொட்டு வெறகு வெட்டறப்போ போவுது. தராசுல வெச்சது மூட்டை ஏத்தறப்போ போவுது. இதுல வெச்சது இது வேலை செய்றப்போ போவட்டும். கையால தொடச்சா வேலை வேணாம்னு நாமளே சொல்ற மாதிரி ஆயிடும்மா. இப்போ கீற நெலமையில அத்த சொல்லலாமா?"

"இது கண்ணாடிங்க. இதும்மேல எதுவும் ஒரசாதுங்க. எப்பிடிப் போவும்?"

"அப்போ இருந்துட்டுப் போவட்டும். அதுக்கு இன்னா அவசரம்?"

அவருக்கு அவசரம் இல்லை. மறுநாள் ஆய்வாளர் வருகிற அவசரம் எனக்குத்தான். ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. மையமே இருக்குமா போகுமா என்று தொங்குகிற நாளில், வேலை வேண்டாம் என்று சொன்ன பாவத்தை யார் கட்டிக்கொள்வது? நானா?

டேப்பை எடுத்தேன். பொட்டின் அகலத்தை அளந்தேன், கண்ணாடியைத் தொடாமல். ஊர்க்கவுண்டர் பக்கத்தில் நின்று, நான் சரியாகப் பிடிக்கிறேனா என்று பார்த்தார். எங்கள் லினக்ஸில் பணியிடங்கள் என்கிற அமைப்புக்குள் விளிம்பு என்று ஒன்று இருக்கிறது. இந்த ஓரத்தில் இவ்வளவு இடத்துக்குள் எந்த ஜன்னலும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டால் வராது. நான்கு பக்கமும் பொட்டு அகலத்துக்கு விளிம்பு விட்டேன். மூடும் பொத்தான் பொட்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்து நின்றது. அஞ்சலை கைதட்டினாள். சட்டப்படி டீ குடித்தோம்.

அடுத்து கீழ்ப்பட்டை. பேனல் அமைப்பில், பட்டையை நகரவிடாமல் பிடித்திருக்கும் பூட்டை எடுத்துவிட்டு, நீளத்தைக் குறைத்து நடுவில் நிறுத்தினேன். மெனு பொட்டுக்குத் தப்பி வெளியே வந்தது. இன்னொரு டீ.

அப்போதுதான் வில்லங்கம் தெரிந்தது. எங்கள் கொள்முதல் ஜன்னலுக்கு ஒரே உயரம்தான், சுருங்கத் தெரியாது. மேலேயும் கீழேயும் விளிம்பு விட்டதில் அதன் அடிப்பாகம் கீழ்ப்பட்டைக்கு உள்ளே போய்விட்டது. அடிப்பாகத்தில்தான் சேமிக்கும் பொத்தான் இருக்கிறது. சாமியை மேலே காப்பாற்றினால் சேமிப்பு கீழே முழுகுகிறது. கீழ்ப்பட்டையை ஒல்லியாக்கினேன். இன்னும் கொஞ்சம் ஒல்லியாக்கினேன். அதிலிருந்த எழுத்தைப் படிக்க எனக்கே கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது, பொத்தான் அப்போதும் பாதிதான் தெரிந்தது. பேனலைத் தானாக மறையும்படி வைக்கலாம். ஆனால் வாட்ச்மேன் சட்டை நினைவுக்கு வந்தது. போதாக்குறைக்கு, அஞ்சலைக்கு இருக்கிற மேல்பட்டையே மெல்லிசு. மூடும் பொத்தானைத் தேடி அவள் மூக்கு கண்ணாடியில் இடிக்கிறது. அதைத் தடிமனாக்கினால் ஜன்னல் இன்னும் கீழே இறங்கும். குட்டைப் போர்வையைத் தலைக்கு இழுத்தால் கால் வெளியே வருகிற கதைதான். டீ மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. வயிறு புளித்தது. ஏகாம்பரம் சாரை அன்றைக்கு நான் மனதில் திட்டிய திட்டுகளை இந்த மலரில் எழுத முடியாது.

எரிச்சலில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அஞ்சலை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, பொட்டு மூலையிலதான கீது?"

"அது தெரியாமத்தான் இம்மாம் நேரம் உக்காந்துகீறனா?"

"இல்லக்கா, மூலையில கீறதுக்கு ரெண்டு பக்கத்துலயும் எடம் உட்டாப் போதுமே. மேலயும் கீழயும் எதுக்கு உடணும்? ரெண்டு பொட்டுக்கும் நடுவுல ஜன்னல் உசரமா நின்னுட்டுப் போவட்டும்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தேன். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சுழியாக்கினேன். ஜன்னல் மேலே போய் முட்டி நின்றது. சேமிக்கும் பொத்தான் பளிச்சென்று வெளியே வந்தது, அதற்குக் கீழே இடமும் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தில் கீழ்ப்பட்டைக்குக் கொஞ்சம் சதை போட்டேன். மேல்பட்டைக்கு இருப்பதிலேயே உயரமான தீம் வைத்து எழுத்தையும் பெரிதாக்கினேன். எங்கள் நிரலில் விற்பவர் பெயரும் எடையும் ஜன்னலின் தலைப்பாக மேல்பட்டையில்தான் வரும். இத்தனை நாள் அது எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. இப்போது வாசலில் நின்றே படிக்கலாம்.

"டீ வெக்கட்டுமாக்கா?" என்றாள் அஞ்சலை.

"வெச்ச, கொன்னுடுவேன்," என்றேன்.

சாயங்காலமே கொள்முதலைத் தொடங்கிவிட்டோம். மறுநாள் காலையில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஒவ்வொருவராக வந்து மூட்டையைத் தராசில் ஏற்றிவிட்டு, மேல்பட்டையில் தங்கள் பெயர் பெரிதாக வருவதைப் பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்கவில்லை. விரலை வைத்துக் காட்டி, "இதோ கீது, என் பேரு," என்று பின்னால் நிற்பவரிடம் சொன்னார்கள். ஒரு பெரியவர் தன் பெயரை அஞ்சலை மூடுவதற்குள் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று தகராறு செய்தார். அத்தனை விரல்களும் மேல்பட்டையின் நடுவில்தான். மூலைப் பொட்டை யாரும் நெருங்கவில்லை.

ஆய்வாளர் வந்தார். ராஜசேகர் என்று பெயர். மடிப்புக் கலையாத சட்டை, மூடிய முகம். ஜீப்பில் குலுங்கி வந்த கோபம் தனியாக இருந்தது. ஊர்க்கவுண்டர் அவரை உட்கார வைத்து, தேக்கிலையில் தேன் கொடுத்தார். மலைக்கு வந்தவர்களுக்குத் தேன் கொடுக்காமல் பேச்சைத் தொடங்க மாட்டார்கள். ஆய்வாளர் மறுக்க முடியாமல் விரலால் தொட்டு நக்கினார். நன்றாக இருந்ததோ என்னவோ, இரண்டாம் முறையும் தொட்டார். அந்தக் கையோடு எழுந்து கணினிப் பக்கம் வந்தார்.

அஞ்சலை முதுகுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். மூட்டை ஏறியது, பெயர் வந்தது, சேமித்தாள், மூடினாள், அடுத்த மூட்டை. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கண் திரையின் ஓரத்துக்குப் போனது.

"ஏம்மா, ரெண்டு பக்கமும் ஏன் காலியா கெடக்குது? மெசினுல கோளாறா?"

அஞ்சலை கை நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் விளிம்பு, தீம் என்று தொண்டையைக் கனைத்துத் தொடங்கப் போனேன்.

"அது சாமிக்கு உட்ட எடங்க," என்றார் ஊர்க்கவுண்டர்.

"கம்ப்யூட்டர்ல சாமிக்கு எடமா? இதெல்லாம் யாரு அனுமதி குடுத்தது? ஜன்னலை மூடற பட்டன் இங்க, இந்த மூலையில இல்ல வரணும்?" என்று ஆய்வாளர் கையை நீட்டி வலது மேல்மூலையில் ஓங்கிக் குத்தினார்.

விரலை எடுத்தார். தேன் விரல். மழைக்காலத்தில் சரியாகக் காயாத சந்தனம் முழுசாகப் பெயர்ந்து, குங்குமத்தோடு அவர் விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கண்ணாடியில் அந்த மூலை பளபளவென்று இருந்தது.

நான் ஏகாம்பரம் சாரின் டேப்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆய்வாளர் விரலைப் பார்த்தார். சுற்றி நிற்பவர்களைப் பார்த்தார். சட்டையில் துடைக்கலாம், வெள்ளைச் சட்டை. சுவரில் தேய்க்கலாம், சாமிப் பொட்டு. அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது, அங்கேயும் ஆயுத பூசைக்கு ஏதோ ஒன்றுக்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் வந்திருப்பார். அவர் யோசித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கை தானாக மேலே போய் நெற்றி நடுவில் அதை வைத்துக்கொண்டது.

ஊர்க்கவுண்டர் எழுந்து வந்து கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். பிறகு ஆய்வாளரின் நெற்றியைப் பார்த்தார்.

"வேலை செய்றப்போதான் போச்சி. போவலாம்," என்றார்.

வராந்தாவில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஆய்வாளர் முறைக்கப் பார்த்தார். நெற்றியில் அவ்வளவு பெரிய பொட்டை வைத்துக்கொண்டு முறைத்தால் யார் பயப்படுவார்கள்? அவரும் சிரித்துவிட்டார். அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏம்மா நிறுத்திட்ட? அடுத்த மூட்டையை ஏத்து," என்றார் அவர்.

மாலையில் ஏகாம்பரம் சார் போன் செய்தார். "மல்லிகாம்மா, ஆய்வாளர் வந்துட்டாரு. நெத்தியில சந்தனம் கீது. கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறாரு. இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். ரெண்டு பக்கமும் விளிம்பு உட்டேன்."

"மையம் நல்லா நடக்குது, எதுக்கு மூடணும்னு என்கிட்டயே சண்டை போடறாரு. மூடணும்னு நானா சொன்னேன்?"

அஞ்சலையிடம் சொன்னபோது அவள் நேரே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அந்த டீயை மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டம்ளரை வாங்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

மற்ற மூன்று பொட்டுகளும் தாமாகவே உதிர்ந்தபோது புளி வந்துவிட்டது. இனி விளிம்பை எடுத்துவிடட்டுமா என்று போனில் கேட்டேன். இருக்கட்டும், அடுத்த வருசமும் பூசை வருமே என்றாள் அஞ்சலை. அதற்கப்புறம் திரை மாறியது, பெட்டி மாறியது, ஒவ்வொரு முறையும் நான் போய் அந்த ஓரத்தை அளந்து விட்டுவிட்டு வந்தேன்.

இதை எழுதி முடிப்பதற்குள் வினோத் மறுபடியும் போன் செய்துவிட்டான்.

"மேடம், நான் எதையும் தொடல. ஆனா ஓரத்தை எடுக்கட்டுமான்னு சும்மா கேட்டதுக்கே அஞ்சலையக்கா நாற்காலியை உட்டு எழுந்திரிக்க மாட்டேன்னுட்டாங்க. அந்த ஓரத்தாலதான் இந்த நாற்காலியே எனக்குன்னு சொல்றாங்க. இன்னா மேடம் இது?"

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ இப்போ எங்க கீற?"

"அங்கதான் மேடம். ஒரு பெரியவர் எலையில தேன் வெச்சிக் குடுத்தாரு. சாப்ட்டுட்டு, மானிட்டர் மூலையில ஏதோ பொட்டு மாதிரி கீதே, அது இன்னான்னு பார்க்கலாம்னு…"

"வினோத், மொதல்ல போய்க் கையைக் கழுவு," என்றேன்.